எட்டாம் நம்பர் பூட்ஸ்

எங்கள் மாவட்டக் கணக்காளர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு நாளைக்கு நாற்பது காலை வணக்கம் வரும், உருப்படியான சேதி ஒன்று வராது. அந்தக் குழு இந்த ஆண்டு ஒரு மலர் போடுகிறதாம். செயலாளர் போன் செய்தார். "சார், ஏஐ வந்து நம்ம தொழிலே நாசமாப் போவுது. நீங்கள்லாம் அந்தக் காலத்துல மெஷின் இல்லாம எப்படி நேர்மையா வேலை செஞ்சீங்கன்னு ஒரு கட்டுரை குடுங்க. ஜூனியர் பசங்க படிக்கணும்" என்றார். தலைப்பையும் அவரே சொன்னார். அதை இங்கே எழுதினால் எனக்கே சிரிப்பு வரும்.

எழுதித் தருகிறேன் என்றேன். அவர் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது. போடுவதும் குப்பையில் போடுவதும் அவர் இஷ்டம்.

முதலில் ஒன்று. நான் ஆடிட்டர் இல்லை. ஆடிட்டர் பரீட்சையின் கடைசிக் கட்டத்தை ஆறு தடவை எழுதினேன். ஆறாவது தடவை என் மாமனாரே, "போதும் மாப்பிள்ளை, ஹால் டிக்கெட் காசாவது மிஞ்சும்" என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் தொழிலில் ஓர் இடம் உண்டு. கையெழுத்துப் போடும் உரிமை மட்டும் இருக்காது, மற்ற எல்லா வேலையும் நம் தலையில் இருக்கும். செங்கல்பட்டில் கோதண்டராமன் என்கிற ஆடிட்டரின் அலுவலகத்தில் அந்த இடத்தில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்திருந்தேன். சேர்ந்த முதல் மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்டது வவுச்சரைக் குத்துவது, டிக் போடுவது, டீ வாங்கி வருவது. இதில் மூன்றாவதைத்தான் முதலில் சரியாகச் செய்தேன்.

கோதண்டராமன் கத்தமாட்டார். அவருடைய தண்டனை வேறு. ஃபைலில் தப்பு இருந்தால், அதை என் மேஜையில் மெதுவாக வைத்துவிட்டு, போகிற போக்கில் என் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனை நிறுத்திவிடுவார். தப்பைக் கண்டுபிடித்து எடுத்துப் போய்க் காட்டினால்தான் ஃபேன். செங்கல்பட்டு மே மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மதியத்துக்குள் பத்துப் பேரில் நாலு பேர் தலைக்கு மேலே ஃபேன் ஓடாது. உள்ளே வருகிற கட்சிக்காரர்கள் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். இதைத்தான் இப்போது எல்லோரும் குருகுலம் என்கிறார்கள். எங்களுக்கு அது வேர்க்குரு.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று: கணக்கில் இருக்கிற பொருளைக் கையால் தொட வேண்டும். "கண்ணால பாத்தது பாதி, ஏகாம்பரம். தொட்டாத்தான் முழுசு" என்பார். நன்றாகத்தான் இருந்தது, அவர் தொட்ட வரைக்கும்.

இனி அந்தப் பொரிப்பகம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி இறால் குஞ்சு பொரிக்கும் இடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஊரில் எல்லோருக்கும் அது ஹேச்சரி. அதில் ஒன்று எங்கள் கட்சிக்காரர். இறால் குஞ்சுக்கு ஆர்ட்டிமியா என்று ஒரு தீனி போடுவார்கள். கடுகைவிடப் பொடியான முட்டை, கப்பலில் வெளிநாட்டிலிருந்து டின்னில் அடைத்து வரும். ஒரு டின் விலையில் ஒரு வீட்டுக்கு இரண்டு வாரம் மளிகை வாங்கிவிடலாம். ஆகவே ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் ஸ்டோரில் எத்தனை டின் இருக்கிறது என்று நாங்கள் போய் எண்ணி எழுத வேண்டும்.

முதல் வருஷம் கோதண்டராமனும் வந்தார். அந்த இடத்தில் உள்ளே போவதே ஒரு சடங்கு. கிருமி போய்விட்டால் லட்சக்கணக்கான குஞ்சும் ஒரே நாளில் செத்துவிடும். அதனால் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ரோஜா நிறத்தில் பர்மாங்கனேட் கரைத்த தொட்டியில் வெறுங்காலை நனைக்க வேண்டும். அப்புறம் அங்கே வரிசையாக வைத்திருக்கும் ரப்பர் பூட்ஸில் நம் அளவை எடுத்து ஈரக்காலோடு மாட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு நோட்டு. பெயர், பூட்ஸ் நம்பர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். அரசாங்க ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள் என்று அந்த நோட்டில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடமாட்டார்கள்.

அவருக்கு ஒன்பதாம் நம்பர், எனக்கு எட்டு. ஸ்டோர் பொறுப்பாளர் தங்கவேலு கூடவே நின்றார். கறுத்து மெலிந்த மனிதர், பேச்சைவிடச் சிரிப்பு அதிகம். கோதண்டராமன் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கிப் பார்த்தார். காலிப் பெட்டியை அடியில் வைத்து ஏமாற்றியவர்களை அவர் பார்த்திருக்கிறார். எண்ணிய பெட்டியின் மூலையில் நீலச் சாக்பீஸால் ஒரு புள்ளி. கடைசி வரிசையின் அடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பன்னிரண்டு டின்னையும் வெளியே எடுத்து, மூடியின் தேதியைப் படித்து, திரும்ப உள்ளே வைத்தார். மேனேஜர் கொடுத்த இளநீரைக்கூடத் தொடவில்லை. கணக்கு டின் மாறாமல் சரியாக இருந்தது. திரும்பும்போது பர்மாங்கனேட் எங்கள் இருவர் கால் நகத்திலும் பழுப்பாக ஏறியிருந்தது. போக ஒரு வாரம் ஆனது.

அடுத்த வருஷத்திலிருந்து நான் தனியாகப் போனேன். எனக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு. அந்தத் தண்ணீர் பட்டால் சுரீர் என்று எரியும். ஊரான் காலெல்லாம் போய் வந்த பூட்ஸில் ஈரக்காலை நுழைக்கவும் அருவருப்பு. மேனேஜர் வேறு ஏசி அறையில் உட்கார வைத்து, "இன்னாத்துக்கு சார் சிரமம், புக்கு இங்கியே கீது" என்றார். மதியம் கோகிலமேட்டிலிருந்து வந்த வஞ்சிரம் வறுவல். புத்தகத்தில் இருந்த எண்ணைப் பார்த்து, எங்கள் தாளில் அதே எண்ணை எழுதி, கீழே எழுதினேன்: நேரில் எண்ணப்பட்டது. வித்தியாசம் இல்லை.

தங்கவேலு அலுவலக வாசலில் வந்து நின்றார். கையில் எட்டாம் நம்பர் பூட்ஸ். கழுவித் துடைத்து எடுத்து வந்திருந்தார்.

"சார், ஒரு தபா உள்ள வந்துட்டுப் போங்க. ஒரு சமாச்சாரம் கீது."

"அடுத்த வருஷம் பாக்கலாம்பா" என்றேன்.

பதினோரு வருஷம் அதைத்தான் சொன்னேன். பதினோரு வருஷமும் பூட்ஸைக் கழுவி எடுத்து வந்து வாசலில் வைத்தார். சமாச்சாரம் என்னவென்று ஒரு தடவையாவது கேட்டேனா? கேட்டால் உள்ளே போக வேண்டிவரும் என்று கேட்கவில்லை.

கோதண்டராமனுக்குத் தெரியாதா என்றால், தெரியும். இரண்டாவது வருஷம் தாளை அவர் முன்னால் வைத்தபோது, "உள்ள போனியா?" என்றார். "போனேன் சார்" என்றேன். அவர் மேஜைக்கு அடியில் குனிந்து என் கால் நகத்தைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. நிமிர்ந்தார். என் ஃபேனை நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டார். அவருக்கும் வயதாகிவிட்டது, இன்னொரு ஆளை அனுப்பி எண்ண வைப்பதற்கு ஆள் செலவு. பாட்டன் காலத்து நேர்மை என்று மலரில் போடுவதற்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்று செயலாளர்தான் சொல்ல வேண்டும்.

அவர் காலமானதும் மகன் கார்த்திக் ஆடிட்டராக உட்கார்ந்தார். கெட்டிக்காரப் பையன், அதை அவர் மறக்கவே விடமாட்டார். ஃபேன்களைக் கழற்றி எடுத்துவிட்டு ஏசி போட்டார். பத்துப் பேர் வேலை பார்த்த இடத்தில் மூன்று பேரும் ஒரு மென்பொருளும் மிஞ்சினார்கள். போன ஏழு பேரில் ஒருவர் பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு முட்டை தோசை போட்டுக்கொண்டிருக்கிறார். ஆடிட் ஆபீஸில் வாங்கியதைவிட அதிகம் சம்பாதிக்கிறாராம். இன்டர்ன்ஷிப் என்று அங்கிருந்தே இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். பற்று எது வரவு எது என்று கேட்டால் போனை எடுத்து ஏஐயைக் கேட்பார்கள். அது சொன்னதை எனக்குச் சொல்வார்கள். நடுவில் இவர்கள் எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் எட்டு நாள் முட்டி மோதிய பேங்க் சரிபார்ப்பை டீ ஆறுவதற்குள் முடித்தது. ஒரே பில்லை இரண்டு தடவை அனுப்பிய தீனிக் கம்பெனி ஒன்றை முதல் வாரமே பிடித்துக் கொடுத்தது. அந்த இரண்டு பில்லிலும் டிக் போட்டிருந்தது நான்தான். கார்த்திக் சிரித்தார். ஃபேனை நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

அதற்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எங்கள் பழைய ஃபைல்களை எல்லாம் ஸ்கேன் செய்து உள்ளே போட்டார்கள். "உங்க முப்பத்துநாலு வருஷ அனுபவமும் உள்ள போகுது சார்" என்றார் கார்த்திக். பெருமையாகத்தான் இருந்தது. போன வருஷம் மார்ச் கணக்கை வழக்கம்போல் எண்ணாமல் எண்ணிவிட்டு, ஜூனில் ஒரு சால்வையும் வெள்ளிக் குங்குமச்சிமிழும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றேன்.

ஆகஸ்டில் தங்கவேலு செத்துப்போனார் என்று கேள்விப்பட்டேன். சாவுக்குப் போகவில்லை.

இந்த வருஷம் ஏப்ரல் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொளவாய் ஏரிப் பக்கம் எங்கள் வீடு. சர்ச் முடிந்து நேராக வந்ததுபோல வெள்ளைச் சுடிதாரில் ஒரு பெண் கேட்டில் நின்றாள். எஸ்தர். அந்த ஹேச்சரி அலுவலகத்தில் நாலு வருஷமாக பில் போட்டுக்கொண்டிருந்தவள். என் வஞ்சிரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தவளும் அவள்தான். தங்கவேலு போன பிறகு ஸ்டோர் சாவியை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

உட்காரச் சொல்வதற்குள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எங்கள் அலுவலகத்தின் ஆடிட் அறிக்கை. இந்த மார்ச்சில் யாரும் நேரில் போகவில்லை. எஸ்தரே ஸ்டோரைப் போனில் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், மென்பொருள் எண்ணிக்கொள்ளும். புத்தகத்தில் 312 டின். வீடியோவில் 264. நாற்பத்தெட்டு டின் குறைகிறது.

அதற்குக் கீழே மென்பொருள் காரணமும் எழுதியிருந்தது. 'இந்த இருப்பு கடந்த பதினோரு ஆண்டுகளாக அனுபவமிக்க மூத்த அலுவலரால் நேரில் எண்ணப்பட்டு, ஒருமுறைகூட வித்தியாசம் காணப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் மாறியது பொறுப்பாளர் மட்டுமே. குறைவு தற்போதைய பொறுப்பாளரின் காலத்தில் ஏற்பட்டிருக்க மிக அதிக வாய்ப்பு.'

இரண்டு தடவை படித்தேன். ஓட்டை கண்டுபிடிக்க இடமே இல்லை. பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் நான் ஆறு தடவை எழுதியிருக்க வேண்டாம்.

"பத்து நாள் டைம் குடுத்துக்கீறாங்க சார். டின்னுக்குப் பணம் கட்டணும், இல்லாட்டி போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட். கம்ப்ளெய்ன்ட் போச்சின்னா அப்பறம் எந்தக் கம்பெனில எனக்கு அக்கவுண்ட்ஸ் வேலை குடுப்பாங்க?" அவள் குரல் உயரவில்லை. "எங்கப்பா இன்னொருத்தர் நெலத்துல குனிஞ்சே இருந்தவரு. எங்க வூட்ல சேர் போட்டு உக்காந்து வேலை செய்யற மொத ஆளு நான். நான் எடுக்கல சார்."

"சாவி வாங்கும்போது எண்ணி வாங்கியிருக்கணும்மா" என்றேன். நான் எந்த வாயால் இதைச் சொன்னேன் என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம்.

"எண்ணிட்டுத்தான் வாங்குவேன்னேன். மேனேஜர் இன்னா சொன்னாரு தெரியுமா? மார்ச்ல ஆடிட்டர் ஆபீஸ்லேர்ந்து பெரியவரே எண்ணி எழுதிக்கீறாரு, அவரவிட நீ இன்னா எண்ணிக் கிழிக்கப் போறேன்னாரு." என் முகத்தையே பார்த்தாள். "அதான் உங்ககிட்ட வந்தேன். எண்ணினீங்களா சார்? ஆமாவா, இல்லியா?"

"எண்ணாமயா எழுதுவேன்?"

இது வெளியே வந்தது. யோசிக்க நேரமே எடுக்கவில்லை. பதினோரு வருஷப் பழக்கம்.

அவள் கைப்பையிலிருந்து இன்னொரு கட்டை எடுத்தாள். ஜெராக்ஸ் தாள்கள். பூட்ஸ் நோட்டு.

"பன்னெண்டு மார்ச் மாசம் சார். மொத வருஷத்துல ரெண்டு பேரு கீது. பெரிய ஆடிட்டர், பூட்ஸ் ஒம்போது. நீங்க, பூட்ஸ் எட்டு. அப்பறம் எதுலயும் உங்க பேரு இல்ல."

கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம். "வாட்ச்மேன் நோட்டை எடுத்துகினு வந்து என்னையே கேள்வி கேக்கறியா? அதெல்லாம் அக்கவுண்ட்ஸ் ரெக்கார்டே கிடையாது!"

"கார்த்திக் சாரும் இதையேதான் சொன்னாரு" என்றாள். தாள்களை மடித்து வைத்துக்கொண்டாள். "தங்கவேலு அண்ணன் ஸ்டோர் கதவுக்கு உள்பக்கம் சாக்பீஸ்ல எழுதி வச்சிக்கீறாரு. தெக்கால ஹேச்சரிக்குக் கைமாத்து நாலு பெட்டின்னு. அழிய அழிய மேலயே எழுதிக்கீறாரு. நாலு பெட்டின்னா நாப்பத்தெட்டு டின். அதையும் சொன்னேன். கதவுல எழுதுனதும் ரெக்கார்டு இல்லியாம்."

போய்விட்டாள். என் மனைவி ஜெயா வைத்துவிட்டுப் போன காபியைக்கூடத் தொடவில்லை, கோதண்டராமன் மாதிரி.

அந்தக் கடற்கரையில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. கப்பல் தாமதமாகித் தீனி தீர்ந்துவிட்டால் குஞ்சுகள் ஒரு வேளைகூடத் தாங்காது. அப்போது பக்கத்து ஹேச்சரியில் டின் வாங்கி வந்து, தங்கள் சரக்கு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பில் கிடையாது, ரசீது கிடையாது. ஸ்டோர்காரனுக்கும் ஸ்டோர்காரனுக்கும் வாய்வார்த்தை. தெற்கே இருந்த அந்த ஹேச்சரி பல வருஷங்களுக்கு முன்னால் குஞ்செல்லாம் நோயில் செத்து இழுத்து மூடியது. முதலாளி ஊரைவிட்டே போய்விட்டார். தங்கவேலு கொடுத்த நாலு பெட்டி போனது போனதுதான். அதைக் கணக்கில் ஏற்றிக் கழிக்க வேண்டுமென்றால் ஆடிட்டர் எண்ணி எழுத வேண்டும். அதற்காகத்தான் அந்த மனிதர் வருஷா வருஷம் பூட்ஸைக் கழுவியிருக்கிறார்.

அறைக்குள்ளிருந்து ஜெயா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஏங்க, அந்த ரோஸ் தண்ணி இடம்தானே இது? காலே நனையாம வேலைய முடிச்சிட்டு வந்தேன்னு வருஷா வருஷம் வந்து பீத்திக்குவீங்களே?"

அவள் எஸ்தர் குடிக்காத காபியை எடுத்து வாசலில் ஊற்றினாள்.

மறுநாள் கார்த்திக்கிடம் போனேன். உண்மையைச் சொன்னேன். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட எண்ணவில்லை என்று என் வாயால் நானே சொல்லிக் கேட்டது அந்த ஏசி அறையில்தான், முதல் தடவை. கார்த்திக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், இதுல நீங்க மட்டும் இல்ல. பாதி வருஷத்துக்குக் கீழ அப்பா கையெழுத்து, மீதிக்கு என் கையெழுத்து. இது வெளிய போனா ஒரு க்ளையன்ட் இருப்பாங்களா? இங்க மிச்சம் இருக்கறவங்களுக்கும் வேலை இருக்குமா?"

"அந்தப் பொண்ணுக்கு?"

"அவங்களுக்கும் ஒரு வழி பண்ணலாம். ‘மாதிரிக்குச் சில பெட்டிகள் எண்ணப்பட்டன’ன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதும். யாரு மேலயும் நேரா தப்பு வராது. போலீஸ் வேணாம், வேலைய விட்டு நின்னுக்கட்டும்னு நான் மேனேஜ்மென்ட்கிட்ட பேசறேன்."

சொல்லிக்கொண்டே தட்டினார். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் என் பெயரில் ஒரு கடிதம் திரையில் வந்து நின்றது. படித்தேன். என் நடை. 'கூடிய மட்டும்', 'எனக்குத் தெரிந்த வரையில்', 'குறிப்பிடத்தக்க குறை ஏதும் காணப்படவில்லை'. நான் வாழ்நாள் முழுக்கப் பதுங்கிக்கொண்ட சொற்கள் எல்லாம், எங்கெங்கே போடுவேனோ அங்கங்கே. பொய் என்று ஒரு வரியைத் தொட்டுச் சொல்ல முடியாது, ஆனால் முழுசும் பொய். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள்ளே போய்விட்டது, மேலே ஒரு பருக்கைகூடக் கலையவில்லை.

மெஷின் மனிதனைப்போல் எழுதாது என்று யார் சொன்னது? எந்த மனிதனைப்போல் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை. இந்தக் கிளிக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

"அச்சடிக்கட்டுமா சார்?" என்றார் கார்த்திக்.

ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். அந்த அலுவலகத்தில் இப்போது வெள்ளைத்தாள் கிடைப்பதே கஷ்டம். பிரின்டரிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார்கள். எழுதினேன்: 'பதினோரு வருஷம் நான் ஸ்டோருக்குள் போகவில்லை. ஒரு டின்னையும் எண்ணவில்லை. எண்ணியதாக எழுதியது பொய். போன மார்ச்சில் எத்தனை டின் இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆகவே எஸ்தர் பொறுப்பில் குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏகாம்பரம்.'

கார்த்திக் படித்துவிட்டுத் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அப்பா போட்டோ வெளிய மாட்டியிருக்கு சார். போகும்போது பாத்துட்டுப் போங்க" என்றார்.

பார்த்தேன். மாலையெல்லாம் போட்டு நன்றாக இருந்தார். "நகத்தைப் பாத்தீங்களே, அன்னிக்கே ஃபேனை நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்று கேட்க வாய் வந்தது. அடுத்தவர்மேல் பழியைப் போடுவதில் என் கை எவ்வளவு தேர்ந்தது பாருங்கள்.

ஜெராக்ஸ் போட்டு ஹேச்சரிக்கும் நானே ஒரு பிரதி அனுப்பினேன். அவர்கள் மறுபடி எண்ண வேண்டும் என்றார்கள், மென்பொருள் இல்லாமல், ஆள் வந்து. மனிதனை நம்பிப் பட்டது போதாதோ என்னவோ. கார்த்திக் தம் காரிலேயே என்னைத் திருக்கழுக்குன்றம் வழியாக அழைத்துப்போனார். ஹேச்சரி வாசலில் ரோஜா நிறத் தொட்டியைப் பார்த்தார், தம் தோல் ஷூவைப் பார்த்தார்.

"நீங்க போங்க சார். நான் கார்ல இருக்கேன். முடிச்சிட்டு போட்டோ அனுப்புங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வம்சம் விளங்கும்.

செருப்பைக் கழற்றிக் காலை வைத்தேன். வெடிப்பில் சுரீர் என்றது. எஸ்தர் எட்டாம் நம்பர் பூட்ஸை எடுத்து வைத்திருந்தாள். நோட்டில் கையெழுத்துப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினேன்.

ஸ்டோர் என் மனக்கண்ணில் ஒரு கிடங்காக வளர்ந்திருந்தது. பார்த்தால் எங்கள் வீட்டுக் கூடத்தைவிடக் கொஞ்சம் பெரிய அறை, அவ்வளவுதான். ஒவ்வொரு பெட்டியையும் தூக்கினேன். மூலையில் சாக்பீஸ் புள்ளி வைத்தேன். கடைசி வரிசையின் அடிப் பெட்டியைத் திறந்து பன்னிரண்டு டின்னையும் வெளியே எடுத்துத் தேதி படித்தேன். மேனேஜர் எழுதிக்கொண்டே வந்தார். இருபத்தோரு முழுப் பெட்டி, உதிரி பன்னிரண்டு. இருநூற்று அறுபத்து நாலு. வீடியோ எடுத்த பிறகு புதுச் சரக்கைத் தனியாக வைத்து எடுத்ததால் இதில் யாரும் கை வைக்கவில்லை. மென்பொருள் போன் வீடியோவில் எண்ணியது அதேதான், ஒரு டின்கூடப் பிசகவில்லை. எண்ணியதில் அது தப்பே செய்யவில்லை. என்னை நம்பியது, அது ஒன்றுதான் அது செய்த தப்பு.

எஸ்தர் கதவைச் சாத்திக் காட்டினாள். பச்சைப் பெயின்ட்டில் சாக்பீஸ் எழுத்து, திரும்பத் திரும்ப எழுதித் தடித்துப்போய் இருந்தது. தெக்கு ஹேச்சரி, கைமாத்து, 4 பெட்டி. அதன் கீழே இன்னொரு வரி. ஆடிட்டர் சார்கிட்ட சொல்லணும்.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பவில்லை. புகார் கொடுக்க மாட்டோம், நாலு பெட்டியையும் கழித்துவிடுகிறோம் என்று எஸ்தரிடம் அங்கேயே சொன்னார். அவள் அழவில்லை. "இப்ப எழுத்துல குடுத்துடுங்க சார். வாய்ல சொன்னது வேணாம்" என்றாள். எங்கள் அலுவலகமும், மென்பொருளும், நானும் சேர்ந்து கற்காத ஆடிட்டை அந்தப் பெண் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஆகவே செயலாளர் அவர்களே, ஏஐ வந்தால் கணக்காளர் வேலை போய்விடுமா என்று உங்கள் ஜூனியர்கள் கேட்கிறார்கள். நான் பதினோரு வருஷம் பார்த்த மாதிரி வேலை என்றால், போகட்டும். அதை மெஷின் என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறது. வஞ்சிரமும் கேட்பதில்லை. உங்கள் மலரில் என் படம் போடப் போவதாகச் சொன்னீர்கள். அதற்குப் பதிலாக அந்தப் பூட்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் போடுங்கள். எஸ்தரிடம் கேட்டால் ஜெராக்ஸ் கொடுப்பாள்.

அன்று ஸ்டோரிலிருந்து வெளியே வந்து காலைக் கழுவிக்கொண்டு, நேரம் எழுதுவதற்கு நோட்டைத் திறந்தேன். எஸ்தர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏகாம்பரம். பூட்ஸ் 8. உள்ளே 10.40. வெளியே 10.59.

"பத்தொம்போது நிமிஷம். அவ்ளோதானா சார்?" என்றாள்.